காளி பேடா

மார்க்கெட் மேம்பாலம், நாற்பத்திரண்டாம் தூண்.
இரவு பதினொன்றரைக்கு டேப்பை விரித்தேன்.
ஹுலிகெம்மா படுத்துக் காட்டினாள்:
தலைக்கடியில் காகிதங்கள் வைத்த பை,
கால்மாட்டில் செருப்பும் குடமும்,
வயிற்றோடு ஒட்டி மகன்.
மூன்றடி எட்டங்குலம்.
நாங்கள் படித்த புத்தகத்தில்
மனிதன் ஆறடி நீளத்துக்கு உறங்குவான், மல்லாந்து.
அவனை நான் எந்தத் தூணடியிலும் பார்த்ததில்லை.

வீட்டில் என்ன வேண்டும் என்றேன்
என் ஓட்டைக் கன்னடத்தில்.
உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
ஒரு ஆணி.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
பக்கம் நிறையக் காலியாக இருந்தது.

சர்ஜாபூர் சாலையில் ஒரு கோபுரத்தின் கார்களுக்காக
மூன்று தளம் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
செம்மண்ணை ஏரியில் கொட்டப்போன லாரிகளைக்
கெஞ்சித் திருப்பினோம்.
நூறு பங்கு மண்ணுக்கு ஏழு பங்கு சிமெண்ட்.
சூளை இல்லை, புகை இல்லை.
நெம்புகோலில் இரண்டு பேர் தொங்கினால் ஒரு கல்.
பிறகு இருபத்தொரு நாள்
ஈரச் சாக்குக்கு அடியில் கிடக்கும்,
பிள்ளை பெற்றவள் மாதிரி.
ஹுலிகெம்மாவும் தொங்கினாள், நாள் கூலிக்கு.
அவள் வீட்டுக்குப் போன கல் எது என்று
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இருபத்திரண்டு வீடு.
என் பெருமையெல்லாம் மேற்குச் சுவரில்:
கல்லுக்குக் கல் இடம்விட்டு அடுக்கிய ஜாலி.
காற்று நுழையும், மழை நுழையாது,
மின்விசிறி ஓடாமலே நான்கு டிகிரி குறையும்.
பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து
அந்தி வெயில் தரையில் காசு காசாக விழுந்ததைப்
படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆடியில் போனேன்.
ஒரு துளை பாக்கியில்லை.
பால் கவர், பழைய ரவிக்கை,
தேர்தல் துண்டு,
நாங்கள் விட்டுப்போன சிமெண்ட் சாக்கு,
மௌனேஷின் கணக்கு நோட்டு.
ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல் பொருந்தியிருந்தது.
என் மேஸ்திரிக்கே அவ்வளவு சுத்தமாக வராது.

"காளி பேடக்கா" என்றாள்.
கன்னடத்தில் காற்றுக்குத்தான் காளி என்று பெயர்.
பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்,
இன்னும் என் காதில் முதலில் விழுவது
நாக்கை நீட்டியவள்தான்.
காளி வேண்டாம்.
அவள் ஆடுகிற இடத்திலேயே தூங்கியவள் சொல்கிறாள்.
மீன் சந்தைத் தண்ணீரின் நாற்றத்தோடு வந்தவள்,
போர்வையை உருவியவள்,
யார் யாருடைய மூச்சையோ
கழுத்துவரை கொண்டுவந்தவள்.
வேண்டாம்.

நான் பேசினேன்.
சுவரில் ஈரம் பூக்கும் என்றேன்,
பையனுக்கு இளைப்பு வரும் என்றேன்.
எல்லாம் உண்மை.
என் வீட்டில் ஏசி ஓடுவதும் உண்மை.
அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே
கதவைத் தாழிட்டாள், பகல் மூன்று மணிக்கு.
ஆணியில் அந்தப் பை தொங்கியது.

அடுத்த இடத்துக்கான வரைபடத்தில்
துளைக்கு ஒரு பலகை மூடி வரைந்தேன்,
கைப்பிடி உள்பக்கம்.
வீட்டுக்கு ஆயிரத்து நூறு கூடுதல் என்று
பணம் கொடுப்பவர்கள் பச்சை மையில் அடித்தார்கள்.
மறுபடி வரைந்திருக்கிறேன்.
பச்சை மையும் தீராமலா போகும்.

பங்குனியில் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனேன்.
மேற்குச் சுவரில், பையன் படுக்கிற உயரத்தில்,
ஒரு துளை திறந்திருந்தது.
பரீட்சைக்கு நோட்டு தேவைப்பட்டதாம்,
உருவி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.
பரீட்சை முடிந்து பத்து நாளாயிற்று.
நான் எதுவும் கேட்கவில்லை.
அந்தப் பக்கம் பார்க்காதவள் மாதிரி
டீயைக் குடித்தேன்.
ஆணியில் பை
லேசாக ஆடிக்கொண்டிருந்தது.