சேறு துடைத்து ஏறவும்

சிட்மத்திலிருந்து சீட்டனுக்கு
முப்பத்தைந்து நிமிடம்.
பதினொரு வருடமாக ஓட்டுகிறேன்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்
எந்த வளைவில் எந்தக் கிளை கண்ணாடியை உரசும்,
எந்த நிறுத்தத்தில் மிஸஸ் பார்ன்ஸ் சில்லறை எண்ணுவார் என்று.
கடல் மட்டும்
வலப்பக்கம் எங்கேயோ
ஒரு வதந்தியைப்போல் இருந்தது.

மாலை பஸ்ஸில் சிலர் ஏறுவார்கள்,
முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் வெற்றி.
"துடைத்துவிட்டு ஏறுங்கள்" என்பேன்.
ராத்திரி டிப்போவில் கூட்டுகிறவனுக்கல்லவா தெரியும்.
சில நாள் சிவப்பு, சில நாள் வெள்ளை.
ஒரு கரையில் இரண்டு மண்ணா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
தும்புத்தடிக்கு நிறமேது.

வைகாசியில் ஒரு செவ்வாய், லீவு.
புதுச் சப்பாத்து, இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம்.
சால்கம் மலை எடுத்த எடுப்பிலேயே
மூச்சைக் கேட்டது. கொடுத்தேன்.
உச்சியில் இடுப்பில் கைவைத்து
ஆகா என்று சொல்வதற்குள்
பாதை கீழே திரும்பியது,
ஏறிய உயரம் முழுவதையும்
கைமாற்றாக வாங்கிய காசுபோல்
கடலடியில் எண்ணிவைக்கச் சொன்னது.
அங்கே ஓர் ஓடை, ஒரு மரப்பாலம்,
மறுபடி படிகள்.
மறுபடி.
இந்தப் பாதையைப் போட்டவனுக்கு
கியர் மாற்றுவதில் அப்படியென்ன ஆசை.

மலைக்கு ஒரு திணை, கடலுக்கு ஒரு திணை
என்று பிரித்துப் பாடமாக்கினோம் பள்ளிக்கூடத்தில்.
இங்கே குறிஞ்சி முடிகிற இடத்திலிருந்து
நூற்றைம்பது மீட்டர் கீழே கிடக்கிறது நெய்தல்.
இடையில் ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான்.
வேலிக்கு அப்பாலும் ஒரு பாதை போகிறது.
போன மாரிவரைக்கும் அதுதான் பாதை.
பத்தடி போய்
காற்றுக்குள் திரும்புகிறது.
வழிகாட்டிப் பலகை இன்னமும்
அந்தப் பக்கமே கைநீட்டி நிற்கிறது,
அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

முள் கிழித்தால் கிழிக்கட்டும் என்று
உள்பக்கப் புதரோடு ஒட்டியே நடந்தேன்.
வெஸ்டன் மவுத் இறக்கத்தில்
முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே
என்னைப் பெயர்சொல்லி ஏசின.

அடுத்த ஏற்றத்தின் தலையில்
எதிரே ஒருத்தி வந்தாள், கையில் தடி.
அவள் சப்பாத்து வெள்ளை. என்னுடையது சிவப்பு.
முகத்தைப் பார்க்கவில்லை நாங்கள்,
கால்களைப் பார்த்துக்கொண்டோம்.
அவரவருக்கு இனி வரப்போவது
மற்றவர் காலில் காய்ந்திருந்தது.
"இன்னும் எவ்வளவு?" என்றாள்.
"கொஞ்சந்தான்" என்றேன்.
"உங்களுக்கும் கொஞ்சந்தான்."
பொய்க்குப் பொய், கணக்கு நேர். பிரிந்தோம்.

பிரான்ஸ்கம் தாண்டியதும் மலை வெளுத்தது,
யாரோ பாதியில் குரக்கனை விட்டு
அரிசி அரைக்கத் தொடங்கியதுபோல்.
சுண்ணாம்புத் தூண்கள். நடுவே முயல்கள்.
எனக்குக் கீழே பறந்துபோன
ஒரு கடற்புறாவின் முதுகு.
பறவைக்கு முதுகு இப்படியிருக்கும் என்று
நாற்பத்தொன்பது வயதுவரை தெரியாது எனக்கு.
வயிற்றைத்தானே காட்டும்.
அந்த இடத்தில் கொஞ்சநேரம்
விளிம்புவரை போய் நின்றிருக்கிறேன்.
பிறகுதான் கால் நடுங்கியது.

பியர் என்றொரு ஊர் வந்தது. மெய்யாகவே பெயர் அதுதான்.
ஊருக்கு மரியாதையாக ஒன்று குடித்தேன்.

சீட்டன் கரையின் கூழாங்கற்கள்
நொறுநொறுவென்று
மிச்ச வட்டியையும் வாங்கிக்கொண்டன.
ஆறேகால் பஸ்.
ஏழரை மணித்தியாலத்தை
முப்பத்தைந்து நிமிடத்தில் அழித்துவிட வந்து நின்றது.
கதவு திறந்தது. டென்சில்.
அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
அடியில் சிவப்பு, அதன்மேல் வெள்ளை,
இரண்டும் சேர்ந்த இடத்தில் என்னவென்று சொல்லமுடியாத ஒரு நிறம்.
"துடைச்சிட்டு ஏறு, நிமல்."

குனிந்தேன், துடைத்தேன்,
அவ்வளவு நன்றாக இல்லை.
இன்றைக்குக் கூட்டுவது
அவன் முறை.