மீன்கூடத்தில் ஈரம்

கோன்கார்னோ மீன்கூடத்தில் எல்லாமே ஈரம்:
தரை, தராசு, ரப்பர் ஏப்ரன்,
ஐஸ் உருகி ஓடும் வாய்க்கால்.
அதனால்தான் ரோசென்
நான்காம் மாதமே வேலைக்குத் திரும்பினாள்.
தும்மினால் நனைவது
இங்கே கணக்கில் வராது.

வீட்டில் வரும்.
மூத்தவன் குதிக்கக் கூப்பிட்டால்
கால் வலி என்பாள்.
கணவனிடம், தூக்கம்.

மருத்துவச்சி சொன்னாள்:
உள்ளே ஒரு லிஃப்ட் இருப்பதாக நினை,
மெல்ல மேலே ஏற்று.
முதல் வாரம் அது
தரைத்தளத்திலேயே நின்றது.

இப்போது மத்தி நிறுக்கும்போது இறுக்குகிறாள்,
முள் நிற்கும்வரை.
ஆறு, ஏழு...
சில்லறைக்குக் காத்திருக்கிறார் ஒருவர்.
எதிர்க்கடை சோவாஸிக்,
மூன்று வருஷமாகப் பேசாதவள்,
நண்டுக் கூடையிலிருந்து தலை நிமிராமல்:
"மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே எண்ணு.
நான் இருபதுக்கு வந்துவிட்டேன்."

கால்களைப் பின்னிக்கொண்டு
சிரித்துவிட்டாள் ரோசென்.
கசிந்தது.
கொஞ்சம்தான்.