ஒன்பதாம் கேள்வி

சென்னை அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது.
ஒன்பதாம் கேள்வி:
பணியாளர் தாமாகவே புதிதாய் ஒன்றைச் செய்யத்
தூண்டுவது எது?
நான்கு கட்டங்கள். ஊதியம், பாராட்டு,
பயிற்சி, மேலாளரின் வழிகாட்டல்.
ஒன்றில் மட்டும் டிக் போடவும்.

கோணம் தொழிற்பேட்டையில் எங்கள் வலைக் கம்பெனி.
பதினான்கு மிஷின்.
ஓடும்போது பக்கத்தில் ஒருவர் தும்மினால்
முகம் சுருங்குவதை வைத்துத்தான் தெரியும்.
நைலான் நூல் நூறு நூறு கட்டைகளிலிருந்து புறப்பட்டு
முடிச்சு முடிச்சாய்க் கடலுக்குத் தயாராகும்.
ஒரு கட்டை தீர்ந்தது கண்ணில் படாவிட்டால்
வலை நெடுக ஒரு வரி விட்டுப்போகும்.
அதைக் கையால் பின்ன வேண்டும்,
ஷிஃப்ட் முடிந்த பிறகும்.

ஏழாம் மிஷினில் மட்டும்
ஆறு மாதமாய் ஒரு வரி விடவில்லை.
பேரேடு சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.
போய்க் குனிந்து பார்த்தேன்.
நூலுக்கு அடியில், கட்டையின் வெள்ளை உடம்பில்
ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
நூல் குறையக் குறைய
முதலில் ஒரு சந்தேகம், பிறகு ஒரு சிவப்பு.
சிவப்பு தெரிந்தால் இன்னும் நாலு நிமிடம்.
அவ்வளவுதான் கருவி.

பெனிலா பொட்டு வைக்கிறவள் இல்லை.
பெண்கள் முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியில்
சுபத்திராவும் இசக்கியம்மாளும் மற்றவர்களும்
கழற்றி ஒட்டி மறந்துபோனவை,
வருஷக்கணக்கில்.
கண்ணாடியில் இப்போது முகம் முழுசாய்த் தெரிகிறதாம்.

படிவத்தோடு போய் நின்றேன். ஏன் செய்தாய்?

"பத்தேகால் முட்டம் பஸ் சாரே.
விட்டா ஆட்டோவுக்கு யாரு குடுப்பா?
ரெண்டு மட்டம் விட்டேன்."

ஊதியத்தில் போடலாமா என்று பேனாவைத் திறந்தேன்.

"அது மட்டும்னு எழுதிராதீய.
ஒரே எடத்த நோக்கிட்டு எட்டு மணிக்கூறு நின்னா
புத்தி சும்மா கெடக்குமா?"

அதற்குக் கட்டம் இல்லை.

"எனக்க கொழுந்தன் கொண்டுபோன வலையில
ஒரு வரி கெடையாது. பாதி மீனும் அதுவழி போச்சு.
கம்பெனியச் சொல்லி ஏசினான், சோறு தின்னுட்டே.
எந்த மிஷின் வலைன்னு நான் கேக்கல்ல."

அதற்கும் இல்லை.

பிறகு, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்:

"மொதல்ல ஒட்டின அன்னைக்கு
பொட்டு நூலோட பறிஞ்சு வந்து சிக்கி
மிஷின் நின்னுபோச்சு. மூணு தடவ.
நீங்க பழம்பொரி தின்னப் போயிருந்திய.
இருந்திருந்தா விட்டிருப்பியளா?"

விட்டிருக்க மாட்டேன்.
பேனாவை மூடினேன்.
மறுநாள் பாராட்டில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒரு சான்றிதழும் குக்கரும் வந்தன.
கூடவே சுற்றறிக்கை:
எல்லா மிஷினுக்கும், சிவப்பு, ஆறு மில்லிமீட்டர்,
கட்டையின் சரிநடுவில்.
ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பொட்டு.
கையெழுத்துப் போட்டு வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பார்த்தேன்.
ஏழாம் மிஷினில் பொட்டு பச்சை.
நடுவில் இல்லை, விளிம்போரம் ஒரு விரற்கடை தள்ளி.
ஒன்றல்ல, இரண்டு.
ஏன் இரண்டு என்று வாய்வரை வந்தது.

பசித்தாலும் பசிக்காவிட்டாலும்
எட்டரைக்கு இப்போது கடைக்குப் போய்விடுகிறேன்.
வாசலில் நின்றால் பதினான்கும் கேட்கும்.
இதோ, ஒன்று நிற்கிறது.
எது என்று காதுக்குத் தெரியும்.
கால் ஒருமுறை திரும்புகிறது.
கடைக்காரரிடம்
இன்னொரு சாயா சொல்கிறேன்.