லாடச் செலவு

அரசாணையில் ஐந்து நிபந்தனை.
ஊர்மதிலுக்கு வெளியே கட்ட வேண்டும்.
கல் கூடாது.
கோபுரமும் மணியும் கூடாது.
வாசல் தெருவைப் பார்க்கக் கூடாது.
ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும்.
எங்கள் யாலோவ்னிக்கில் ஆறாவதாக ஒன்றும் சொல்வார்கள்:
இரும்பாணி ஒன்றுகூடக் கூடாது.
எந்தக் காகிதத்திலும் அது இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நகரசபை ஒதுக்கியது
தோல் பதனிடுவோரின் ஓடைக்கரை.
நாற்றம் இலவசம்.
1726, பனி உருகியதும் மரம் வெட்டினார்கள்.
காயப்போட நேரமில்லை,
ஈர லார்ச்சை அப்படியே கோத்தார்கள்.
முதல் ஆராதனையில் சுவர் வடித்த பிசின்
போதகரின் கறுப்பு அங்கியில் அப்பியது.
அதை எடுக்க வெண்ணெய், அரை ராத்தல்,
நான்கு கிரெய்ட்சர்.

இந்தக் கணக்கை இப்போது எழுதுகிறவன் நான்.
எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர்.
போர்களைவிட மெழுகுவர்த்திகளைப் பற்றி
அதிகம் எழுதியவர்கள்.

1831. காலரா. பலகை தீர்ந்துபோய்
மாடத்தின் கடைசி இரண்டு பெஞ்சுகள்
சவப்பெட்டி ஆயின.
அந்த இடம் இன்னும் காலி.
சிறுவர்கள் அங்கே நின்றுகொண்டே ஜெபிக்கிறார்கள்.

1857. கோபுரத்துக்கு அனுமதி.
நூற்றுமுப்பத்தொரு வருஷம் காத்தவர்கள்
கல்லில் கட்டினார்கள், ஆனால்
கோயிலை ஒட்டாமல் நாலடி தள்ளி,
மரத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்பதுபோல்.

1916. மணி இரண்டும் பீரங்கிக்குப் போயின.
எடை போட்ட ரசீது இருக்கிறது.

1946. இடப்பக்கம் அமர்ந்து
ஜெர்மனில் பாடியவர்கள் ரயிலேறினார்கள்.
ஏற்றப்பட்டார்கள், திருத்திக்கொள்கிறேன்.
அந்த மாதம் காணிக்கை பாதி.
காரணம் என்ற கட்டத்தில் அவர்
ஒன்றும் எழுதவில்லை.

போன கோடையில் கூரை பிரித்தோம்.
மேலிருந்து ஷெல்மீரா கூப்பிட்டாள்.
உத்திரமும் வளைவும் கூடும் இடத்தில்
சதுரத் தலை, கையால் அடித்தது,
சுற்றிலும் மை கொட்டியதுபோல் கறுத்த மரம்.
இரும்பு.

"பிடுங்கிவிடு," என்றார் கோயில்பிள்ளை துரான்ஸ்கி.
'ஓர் ஆணிகூட இல்லாத கோயில்' என்று
இரண்டாயிரம் அட்டை அச்சடித்தது அவர்.
தொல்பொருள் துறைக்குச் சொல்லலாம் என்றார் போதகர்,
சாந்தமாக, யாரையும் பார்க்காமல்.

நான் வீட்டுக்குப் போய்
முதல் புத்தகத்தைத் திறந்தேன்.
கெடு முடிவதற்கு முந்தின நாள்,
மங்கிய மையில் ஒரே வரி:
தச்சர் தோபியாஷின் குதிரைக்கு
லாடம் சரிசெய்ய, ஒரு கிரெய்ட்சர்.

தோபியாஷிடம் குதிரை கிடையாது.
மரம் இழுக்க அவர் வாடகைக்கு எடுத்தது எருதுகள்,
பதினான்கு பக்கத்துக்கு அதே செலவுதான்.

பொருந்த மறுத்த ஒரு மூட்டு,
விடிந்தால் வந்து பார்க்கப்போகும் அதிகாரி.
கொல்லன் வீட்டுக்கு இருட்டில் ஓடியவர் யாரோ.
அதை எழுதியவருக்குப் பொய் பழக்கமில்லை,
கை நடுங்கி
கிரெய்ட்சரின் கடைசி எழுத்து சிந்தியிருக்கிறது.

பசுமரத்தாணி என்று சொல்கிறோம்,
எளிதாக இறங்கும் என்பதற்காக.
காய்ந்த பிறகு அதை எடுக்க முடியாது என்பதை
ஷெல்மீராவின் இடுக்கி சொன்னது.
இரண்டு முறை முயன்றாள்.
மூன்றாம் முறை துரான்ஸ்கியே
"போதும், மரம் பிளந்துவிடும்" என்றார்.

பலகை மூடினோம்.
அன்றிரவு கூரைச் செலவில் எழுதினேன்:
மரமுளை, நூற்றிருபது.
தார், ஆறு டின்.
லாடம், பழையது,
அப்படியே விடப்பட்டது.