விலாவுக்குள் இருந்த மண்

தேவனஹள்ளிச் சாலையில்
லேஅவுட் வரப்போகும் மேட்டில்
வட்டமாய் நட்ட கற்களுக்கு நடுவே
எனக்குச் சல்லடை வேலை.
நாளுக்கு அறுநூறு.
விமானம் தாழப் பறக்கையில்
சல்லடை தானாகவே கொஞ்சம் ஆடும்.

மூடுகல்லைக் கிரேன் தூக்கிய அன்று
நளினாக்ஷி மேடம் அதன் அடிப்பக்கத்தைத் தடவினார்.
விறகடுக்கிச் சுட்டு
ஏடாகப் பெயர்த்திருக்கிறார்கள், என்றார்.
எனக்குத் தெரியும்.
ஜிகணிக் குவாரியில் அவரும் அப்படித்தான் பெயர்த்தார்.
தீ நகர நகர
சுத்தியலால் தட்டிக்கொண்டே பின்னால் போவார்.
கணீரென்றால் பாறை இன்னும் பிடித்திருக்கிறது.
பொத்தென்றால் விட்டுவிட்டது.

பெரியாஸ்பத்திரி டாக்டர்
அவர் முதுகில் விரல் மடித்து அப்படித்தான் தட்டினார்.
டிபி என்று ஆறு மாதம் மாத்திரை தின்றாயிற்று.
இன்னும் மூன்று மாதம் எழுதினார்.
என்ன கேட்டது என்று சொல்லவில்லை.
எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

நாலாம் நாள் ஆள் தென்பட்டான்.
முப்பத்தைந்து தாண்டியிருக்க மாட்டான்.
வலது தோள்மூட்டு மட்டும் கிழவனுடையது.
இடது கட்டைவிரல்
எப்போதோ நசுங்கிக் கோணலாய்க் கூடியிருந்தது.
அந்தக் கோணல் எனக்குப் பழக்கம்,
பதினாறு வருஷமாகச் சோற்றில் பார்க்கிறேன்.
எதனால் செத்தான் மேடம்?
எலும்பில் எழுதவில்லை.
மெத்தென்றதெல்லாம் போய்விடும், என்றார்,
தோல், குடல், நுரையீரல்.

விலாவுக்குள் இருந்ததைத் தூரிகையால் கூட்டிச்
சட்டியில் தந்தார்.
சலித்தேன்.
மேலே ஒரு வேர், ஒரு நத்தை ஓடு.
கீழே சாம்பல் நிறத்தில்
முகப்பவுடரை விட நைசாக விழுந்தது.
இதில் எது அவனைப் புதைத்த மண்,
எது அவன் உயிரோடு இழுத்தது?
மூன்று சல்லடை இருக்கிறது எங்களிடம்.
அதைப் பிரிக்க ஒன்றுமில்லை.

கொட்டிடு, என்றார்.
கொட்டினேன்.
காற்று என் பக்கம் திரும்பியது.

தூசு ஒத்துக்கொள்ளாது மேடத்துக்கு.
மறுநாள் எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்தார்.
கூட ஒன்று கேட்டு வாங்கி
இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.
கையில் வாங்கி
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இதில் எந்தப் பக்கம் வெளியே, என்றார்.