படிவத்தின் ஓரம்

ஜூன் பிறந்துவிட்டது. லூசியானாக் கரையில்
இன்னும் எந்தப் புயலுக்கும் பெயர் வைக்கவில்லை.
கால்நட்டு நிற்கும் வீட்டின் பதினான்கு படியேறி
ரெனீட்டா படிவத்தை விரித்தாள்.

ஆல்சீட் வெர்டன். எண்பத்தெட்டு.
ஆக்ஸிஜன் இயந்திரம், கரண்டில் ஓடுவது.
மாற்று சிலிண்டர் ஒன்று. எவ்வளவு நேரம் வரும்?
"பேசாமல் இருந்தால் ஆறு மணி."
படி இறங்க முடியுமா?
"இறங்குவேன். திரும்ப ஏறச் சொல்லாதே."

அவசரத்துக்கு யார்?
மகனின் எண் பழசு. யோசித்து
பக்கத்து வீட்டு ஒலீத்தாவைச் சொன்னார்.
தொண்ணூற்றொன்று. காது சுத்தமாகக் கேட்காது.

"அவரா உங்களைத் தூக்குவார்?"

"நான் அவளை எழுப்புவேன்.
ராத்திரி சைரன் ஊதினால்
என் வாசல் விளக்கை மூன்று தரம்
அணைத்து அணைத்துப் போடுவேன்.
பேசி வைத்திருக்கிறோம்."

கரண்ட் போய்விட்டால்?

இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் குமிழிவிட்டது.

"அப்போ வருகிறவனிடம் சொல்.
தட்டிப் பயனில்லை. பின்கதவுத் தாழ்ப்பாள் விழாது.
உள்ளே போய்
இடது தோளைத் தொடணும்.
வலது வலிக்கும் அவளுக்கு."

இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினாள். எழுத்து வளைந்து
மேல்விளிம்பில் ஏறி
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்'
என்ற இடத்துக்குள் போய் முடிந்தது.