கொடுக்க வேண்டியவை

லிங்கிச் செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
திரையில் சரியாகத்தான் இருக்கிறது பட்டியல்.
அச்சிட்டால் மட்டும்
தொகைகள் அறுந்து
அடுத்த தாளில் போய் விழுகின்றன,
யாருடையதென்று தெரியாமல்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு"
என்கிறார் கணக்கெழுதும் ஹமீதா.
எந்த மாடி ஏறினாலும் இதே வாக்கியம்.

டிரைவரை நீக்கினேன். போட்டேன்.
மறுபடி நீக்கினேன்.
மின்விசிறி, வீணான தாள்களை
மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தது.

நாலரை மணிக்குத்தான் கண்ணில் பட்டது:
அறிக்கையின் பக்க அமைப்புக்குள்
ஒரு பழைய பெயர்.
கூரை ஒழுகலில் ஊறி
போன வாரம் எடைக்குப் போன
டாட் மேட்ரிக்ஸ்.
புது லேசர் பக்கத்திலேயே நிற்க
அதன் அகலத்துக்கே
இன்னும் இடம் போட்டுக்கொண்டிருக்கிறது அறிக்கை.

அந்தப் பெயரை எடுத்தேன்.
இருக்கிற பிரிண்டரே போதும் என்றேன்.
ஓரங்களைக் கொஞ்சம் இறுக்கினேன்.
இவ்வளவுக்கா ஒரு மதியம்.

சூடாக வந்தது தாள்.
பெயருக்கு நேரே தொகை.
ஏழாவது வரி:
இளம்பரிதி, கம்ப்யூட்டர் சர்வீஸ்,
ஆனி மாதம் வந்து போனதற்கு
எண்ணூற்றைம்பது.

ஹமீதாவும் ஏழாவது வரிக்கு வந்திருக்க வேண்டும்.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
"டீ சொல்லட்டுமா சார்?"